பழைய காமிக்ஸ் வாங்கும் முன் பக்கங்களை எண்ணுங்கள்

1974 நவம்பர் தேதியிட்ட 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழைத் தெரியாத காமிக்ஸ் சேகரிப்பாளர் யாரும் இருக்க மாட்டார். வுல்வரின் என்ற சூப்பர்ஹீரோ முழுதாகக் களத்தில் இறங்கும் முதல் இதழ் அது. அந்த இதழை ஒருவர் கையில் கொடுத்தால், விவரம் தெரிந்தவர் முதலில் அட்டையையும் பார்க்க மாட்டார், வுல்வரினையும் தேட மாட்டார். நேராக வாசகர் கடிதப் பக்கத்துக்குத்தான் போவார். அங்கே ஒரு சின்ன ஸ்டாம்ப் அச்சாகியிருக்கும். மார்வெல் நிறுவனம் அந்த வருஷம் தன் இதழ்களில் இப்படி 100 விதமான ஸ்டாம்புகளை அச்சிட்டு, வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொல்லிப் பிள்ளைகளை உசுப்பிவிட்டிருந்தது. பிள்ளைகளும் சொன்ன பேச்சைக் கேட்டு வெட்டினார்கள். அதனால் இன்றைக்கு அட்டை மடங்காமல், நிறம் மங்காமல், மூலை கூராக இருக்கிற ஒரு 181கூட, உள்ளே அந்தச் சதுரம் இல்லையென்றால் விலை வெகுவாக இறங்கிவிடும்.

எனக்கு இந்தப் பாடம் 181ஆல் வரவில்லை, அதற்கெல்லாம் நமக்கு வசதி ஏது. அதே காலத்து இன்னொரு சாதாரண இதழ், இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். முன் அட்டை, பின் அட்டை இரண்டும் அருமையாக இருந்தன. வந்ததும் உறையைக்கூடப் பிரிக்காமல் பெட்டியில் நிற்க வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் புரட்டினால், கடிதப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அதன் வழியே அடுத்த பக்கத்துக் கதாபாத்திரத்தின் தாடை தெரிகிறது. விற்றவரிடம் கேட்டேன், தனக்கும் தெரியாது என்றார். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. அவரும் பக்கத்தை எண்ணியிருக்க மாட்டார், அவருக்கு விற்றவரும் எண்ணியிருக்க மாட்டார்.

இந்தப் பொழுதுபோக்கின் சிக்கல்கள் பெரும்பாலும் இப்படித்தான். பார்த்த இடத்தில் ஒன்றும் இருக்காது, பார்க்காத இடத்தில்தான் இருக்கும். அது ஏன் என்று புரிய, பழைய காமிக்ஸுக்கு விலை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் வந்தபோது அதன் விலை 10 சென்ட். சூப்பர்மேன் காரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் அட்டை, உள்ளே 13 பக்கம் சூப்பர்மேன் கதை, மீதியெல்லாம் வேறு வேறு கதைகள். அச்சானது ஏறக்குறைய 2 லட்சம் பிரதி. இன்றைக்கு மிச்சம் இருப்பது ஏதோ 100 பிரதி என்று சந்தையில் மதிப்பிடுகிறார்கள். மற்றதெல்லாம் எங்கே போயிற்று? சுருட்டிப் பின் பாக்கெட்டில் செருகியது, நண்பனுக்குக் கொடுத்தது, ஈரத்தில் நனைந்தது, அம்மா அறையைச் சுத்தம் செய்தபோது வெளியே போனது. இரண்டாம் உலகப் போரில் காகிதம் திரட்டுகிறோம் என்று வீடு வீடாக வாங்கிப் போனார்கள், அதில் கட்டுக்கட்டாகப் போயின. 1948 வாக்கில் அமெரிக்காவில் சில ஊர்களில், இவை பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று பள்ளி, தேவாலய வளாகங்களில் குவித்துக் கொளுத்தினார்கள். 1954இல் செனட் விசாரணையும் அதைத் தொடர்ந்து பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதியும் வந்தன, வீட்டில் இருந்ததையும் கடாசுவதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது. இப்படி எல்லாரும் சேர்ந்து அழித்த பிறகு மிஞ்சியதால்தான் அந்த முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதுதான் 1990களின் கூத்து. பழைய இதழ்கள் லட்சங்களுக்குப் போகின்றன என்ற செய்தி பரவியதும், புதிதாக வரும் இதழ்களை வாங்கிப் பத்திரப்படுத்தினால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. 1992இல் சூப்பர்மேன் சாகும் இதழைக் கறுப்பு உறையில் போட்டு, துக்கம் காட்டக் கையில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டையும் வைத்து விற்றார்கள். உறையைப் பிரிக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்று ஒன்று படிக்க, ஒன்று வைக்க, ஆளுக்கு இரண்டு மூன்று வாங்கினார்கள். எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிற பொருளை யார் அதிக விலை கொடுத்து வாங்குவார்? சில வருஷங்களில் சந்தை சரிந்தது, காமிக்ஸ் கடைகள் கொத்துக்கொத்தாக மூடின, 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. அந்தக் கறுப்பு உறை இதழ் இன்றைக்கும் பிரிக்காமல் தாராளமாகக் கிடைக்கிறது. தாத்தாவின் பரணில் இருந்து பெட்டி ஒன்று கிடைத்தது, எவ்வளவு போகும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த வருஷத்துப் பெட்டி என்பதைத்தான். 1991, 92 என்று பதில் வந்தால் எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

சரி, அரிதானதுதான் விலை போகிறது என்றால் அரிதான இதழாகப் பார்த்து வாங்கினால் போதுமா? போதாது. இங்கே விலை என்பது நிலைமைக்குக் கொடுப்பது. ஒரே இதழ், ஒரே அச்சு, ஒன்றில் ஸ்டேப்ளர் அடித்த மடிப்பான முதுகில் நான்கு சின்ன வெள்ளைக் கோடு, இன்னொன்றில் கோடே இல்லை, விலை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ மாறிவிடும். உச்ச நிலைக்குப் போகப் போக இந்த இடைவெளி பைத்தியக்காரத்தனமாக விரியும். ஆரம்ப காலத்தில் விற்பவர் 'நல்ல நிலை', 'மிக நல்ல நிலை' என்று சொல்வதை வாங்குபவர் நம்பினார், அவ்வளவுதான். 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் வெளியிடத் தொடங்கிய விலைக் கையேடு ஒரு பொது அளவுகோலைக் கொடுத்தது, ஆனாலும் விற்பவர் கண்ணுக்குப் பத்துக்கு 8 ஆகத் தெரிவது வாங்குபவர் கண்ணுக்கு 6 ஆகத்தான் தெரியும். இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் 2000ஆம் ஆண்டில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் வந்தது. இதழை அனுப்பினால் பக்கம் எண்ணி, பரிசோதித்து, 0.5இலிருந்து 10 வரை ஒரு கிரேடு கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள். சேகரிப்பாளர் பேச்சில் இதற்கு ஸ்லாப் என்று பெயர்.

ஸ்லாபின் மேலே இருக்கும் லேபிளின் நிறத்தைப் படிக்கத் தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். நீலம் என்றால் சாதாரண, தனியாகச் சொல்ல ஒன்றுமில்லாத பிரதி. மஞ்சள் என்றால் நிறுவனத்தின் ஆள் நேரில் பார்த்திருக்கப் போட்ட கையெழுத்து. பச்சை என்றால் ஏதோ ஒரு பெரிய குறையைத் தனியாகக் குறிப்பிட்டுவிட்டு மற்றதுக்குக் கிரேடு கொடுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன ஸ்டாம்ப் வெட்டிய 181, 9.0 என்ற எண்ணோடு பச்சை லேபிளில் வரலாம், எண்ணை மட்டும் பார்த்தவர் தொலைந்தார். ஊதா என்றால் மராமத்துப் பார்த்த பிரதி.

இந்த ஊதாவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, இது புரிந்தால் சந்தையின் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். 1980களில் பழைய இதழை மராமத்துப் பார்ப்பது யாருக்கும் அசிங்கமாகத் தெரியவில்லை. கிழிசலை ஜப்பானியத் தாள் வைத்து ஒட்டினார்கள், காணாமல் போன மூலையை வேறு தாளில் செய்து சேர்த்தார்கள், நிறம் போன இடத்தில் வண்ணம் தீட்டினார்கள், பழைய ஓவியத்தைச் செப்பனிடுவது போல இதையும் ஒரு கலையாகவே பார்த்தார்கள், செலவு செய்ததற்கு ஏற்ப விலையும் கூடியது. 2000க்குப் பிறகு ஊதா லேபிள் வந்ததும் அதே பிரதிகள் தீண்டத்தகாதவை ஆகிவிட்டன. தொடாத பிரதிக்கும் தொட்ட பிரதிக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் ஆனது. விளைவு என்ன? முன்பு வெளிப்படையாகச் செய்த வேலையை இப்போது மறைத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே மராமத்துப் பார்த்து ஊரெல்லாம் கிடந்த பிரதிகளும் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. என்னைக் கேட்டால், சொல்லிவிட்டு விற்கும் மராமத்துப் பிரதியில் ஒரு தப்பும் இல்லை. 1940களின் அபூர்வ இதழ் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், ஆனால் கையில் அவ்வளவு பணம் இல்லை என்பவருக்கு ஊதா ஒரு வரம். சொல்லாமல் விற்பதுதான் வில்லங்கம்.

மறைத்த வேலையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பழக்கம்தான் வேண்டும். இதழைத் திறந்து அட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பு அட்டையின் முதுகில் வெள்ளைக் கோடுகளை மறைக்க யாராவது மார்க்கர் பேனாவால் தொட்டிருந்தால், மை தாளில் ஊறி உள்பக்கம் சாம்பல் புள்ளியாகத் தெரியும். புற ஊதா விளக்கைப் பிடித்தால், பின்னால் தீட்டிய வண்ணம் அச்சு மையோடு சேராமல் திட்டுத் திட்டாகத் தனியே நிற்கும். ஸ்டேப்ளர் பின்கள் பளபளக்கின்றனவா, ஆனால் அவற்றைச் சுற்றித் தாளில் துருக்கறை இருக்கிறதா? அப்படியானால் பின்னை மாற்றியிருக்கிறார்கள். ஐம்பது அறுபது வருஷத்துத் தாளின் ஓரம் உள்பக்கத்தைவிடக் கொஞ்சம் பழுப்பாக இருப்பதுதான் இயல்பு. நடுப்பக்கம் பழுப்பு, ஓரம் மட்டும் புதுசு மாதிரி வெளுப்பு என்றால் ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதற்கு இன்னொரு சோதனையும் உண்டு, அதே பதிப்பகம் அதே மாதம் வெளியிட்ட வேறு இதழைப் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்பது. அந்தக் காலத்து வெட்டு இயந்திரம் ஒன்றுபோல வெட்டாது என்பதால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம், ஆனால் மூன்று பக்கமும் குறைவாக, ஓரங்கள் சவரம் செய்த மாதிரி நேராக இருந்தால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

எல்லாச் சேதமும் மோசடி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் வந்த மார்வெல் அட்டைகளின் வலது ஓரம் எலி கொறித்ததுபோலச் சிதறியிருக்கும். மழுங்கிய கத்தியால் வெட்டியதால் வந்தது, இதற்கு 'மார்வெல் சிப்பிங்' என்றே பெயர். அட்டையில் பென்சிலால் எழுதிய தேதியோ முத்திரையோ இருந்தால், அது கடைக்காரர் இதழ் வந்த நாளைக் குறித்து வைத்தது, எனக்கு அது பிடிக்கவே செய்யும். வாங்குபவர் பயப்படத் தேவையில்லாத இப்படிப்பட்ட குறைகளும் இருக்கின்றன. இருக்க வேண்டிய சிப்பிங் ஒரு 1962 இதழில் துளிகூட இல்லை, ஓரம் கச்சிதமாக இருக்கிறது என்றால்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும், சீவியிருப்பார்களோ என்று.

பிரஸ்ஸிங் என்று ஒன்று உண்டு. சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தி, மடிப்பையும் பள்ளத்தையும் நேராக்குவது. மையில் விரிசல் விழாத மடிப்பென்றால் காணாமலே போய்விடும், மை விரிந்து வெள்ளை தெரிந்துவிட்டால் போகாது. சி.ஜி.சி. இதை மராமத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் ஒரு பிரதியை அழுத்தி மீண்டும் கிரேடுக்கு அனுப்பி, அரை எண் கூடினால் லாபம் என்று ஒரு தொழிலே நடக்கிறது. இது சரியா தப்பா என்று சேகரிப்பாளர்களிடையே தீராத வழக்கு. தெரியாத கை அழுத்தினால் பக்கங்கள் அலை அலையாகிவிடும், அது மட்டும் நிச்சயம்.

ஸ்லாப் வாங்கிவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கும் ஒரு குட்டு விழுந்தது. 2023இன் கடைசியில், ஸ்லாபைச் சேதம் தெரியாமல் திறந்து, உள்ளே இருந்த உயர்ந்த கிரேடு பிரதியை எடுத்துவிட்டு மட்டமான பிரதியை வைத்து விற்றிருக்கிறார்கள் என்ற விவகாரம் வெடித்தது. சி.ஜி.சி. ஒவ்வொரு ஸ்லாபின் லேபிளிலும் போடும் சான்று எண்களில் சந்தேகத்துக்குரிய நூற்றுக்கணக்கானவற்றைப் பட்டியலாக வெளியிட வேண்டியதாயிற்று. பெட்டியின் ஓரங்களில் வெண்மையான விரிசலோ உரசலோ இருக்கிறதா என்று பாருங்கள். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படம் இருந்தால் எடுத்து, கையில் இருக்கும் பிரதியின் மூலைகளையும் புள்ளிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரு காமிக்ஸ் அட்டையின் சிறு வடுக்கள் கைரேகை மாதிரி, இரண்டு பிரதியில் ஒரே மாதிரி இருக்காது. ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டியும் இல்லை, வெயில் படும் சுவரில் மாட்டினால் உள்ளே இருக்கும் சிவப்பு வெளுக்கத்தான் செய்யும். அப்புறம், இந்தக் கிரேடில் உலகத்திலேயே இத்தனை பிரதிதான் என்று நிறுவனத்தின் கணக்கைக் காட்டி விலை சொல்வார்கள். அது அவர்களிடம் கிரேடுக்கு வந்த பிரதிகளின் கணக்கு. வராமல் வீட்டில் இருப்பது அதில் சேராது, ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்பியவர் பழைய லேபிளைத் திருப்பித் தராவிட்டால் ஒரே பிரதி இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும்.

இனி மறுபதிப்புகள். ஏமாற்ற நினைக்காமலே ஏமாற்றும் வகை இவை. 1974இல் டி.சி. நிறுவனம் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழை அட்டை, விளம்பரம் எதையும் மாற்றாமல் பெரிய அளவில் மறுபதிப்பாகப் போட்டு, வெளியே இன்னொரு தடித்த அட்டை வைத்து விற்றது. அந்த வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது 10 சென்ட் விலையோடு அசல் 1938 இதழ் போலவே இருக்கும். பரணில் புதையல் கிடைத்துவிட்டது என்று இதை எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் இன்றைக்கும் உண்டு. ஸ்கேலை எடுத்தால் விஷயம் முடிந்தது. மறுபதிப்பு ஏறக்குறைய 10 அங்குல அகலம், பதின்மூன்றரை அங்குல உயரம். அசல் 8 அங்குல அகலத்துக்கும் சற்றுக் குறைவு, உயரம் பத்தரை அங்குலம். படத்தில் அளவு தெரியாது என்பதால் இணைய விற்பனையில் இது இன்னும் சுலபமாக நடக்கும். 1966இல் இசைத்தட்டோடு சேர்த்து விற்ற மார்வெல் மறுபதிப்புகள் இன்னும் நெருக்கம், அளவும் அசலை ஒத்திருக்கும், அட்டையில் விலை மட்டும் இருக்காது. இப்போது பதிப்பகங்களே பழைய விளம்பரங்கள் உட்பட அப்படியே அச்சிட்டு விற்கும் நகல் பதிப்புகளும் ஏராளம். முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் அச்சாகியிருக்கும், யாரும் படிக்காத பகுதி அது. அதைப் படித்துவிட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

வேண்டுமென்றே அடித்த போலிகளும் உண்டு. ஆனால் போலி அடிப்பவர்கள் 1940களின் நான்கு வண்ண இதழ்களைவிடக் குறைந்த எண்ணிக்கையில் வந்த கறுப்பு வெள்ளை இதழ்களைத்தான் விரும்புகிறார்கள், செய்வது சுலபம். 1977இல் வந்த 'செரபஸ்' முதல் இதழுக்கும், 1984இல் 3,000 பிரதி சொச்சம் அச்சான 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்டில்ஸ்' முதல் இதழுக்கும் போலிகள் உலவுகின்றன. கையெழுத்தும் அப்படியே, யாரும் நேரில் பார்க்காத கையெழுத்தைச் சந்தை அட்டையில் இருக்கும் கிறுக்கலாகத்தான் மதிக்கும்.

மார்வெல் 1976, 77இல் விலையை ஏற்றுவதற்கு முன் சில ஊர்களில் மட்டும் சோதித்துப் பார்த்தது. 1977இல் மற்ற இடங்களில் 30 சென்ட் போட்டு வந்த அதே இதழ் அங்கே மட்டும் 35 சென்ட். 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழின் 35 சென்ட் பிரதி அதனால்தான் பெரும் விலை போகிறது, ஆனால் அதே இதழின் பிந்தைய மறு அச்சுகளிலும் 35 சென்ட் விலை உண்டு, அவை எங்கும் கிடைப்பவை. எண்ணை மட்டும் பார்த்து ஆயிரக்கணக்கில் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். 30ஐ 35 ஆகத் திருத்திய கைங்கரியங்களும் நடந்திருக்கின்றன. இதேபோல் செய்தித்தாள் கடைகளுக்குப் போன பிரதி, காமிக்ஸ் கடைகளுக்குப் போன பிரதி என்று பிரித்து, முன்னது மொத்த அச்சில் இத்தனை சதவீதம்தான் என்று அடித்துச் சொல்வார்கள். அந்த எண் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஒரு கதாபாத்திரத்தின் முதல் தோற்றம் எந்த இதழ் என்பதும் கல்லில் பொறித்த விஷயம் இல்லை. வுல்வரின் உண்மையில் 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்திலேயே தலைகாட்டிவிடுகிறார், ஆனாலும் சந்தை 181ஐத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இது ஆராய்ச்சி முடிவு கிடையாது, கூடிப் பேசி வந்த பழக்கம், பழக்கம் மாறவும் செய்யும். சினிமா செய்தியை நம்பி வாங்குவது இதைவிட வழுக்கல். ஒரு கதாபாத்திரம் படத்தில் வரப்போகிறது என்ற வதந்தி கிளம்பும் அன்றே விலை ஏறிவிடும், படம் வெளியாகும் வாரத்தில் எல்லாரும் விற்கக் கிளம்புவார்கள். 2020, 21 ஊரடங்கு நாள்களில் வீட்டில் அடைந்திருந்தவர்கள் ஏற்றிய விலை தனிக்கதை. ஸ்பைடர்மேன் அறிமுகமான 'அமேசிங் ஃபேன்டசி' 15இன் உயர் கிரேடு பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த வருஷத்திலிருந்து பல இதழ்களின் விலை இறங்கத் தொடங்கியபோது, உச்சத்தில் வாங்கியவர்கள் நீண்டகால முதலீடு என்று பேச ஆரம்பித்தார்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவது வேறு ஒரு பாடு. காமிக்ஸ் அச்சிட்டது மட்டமான மரக்கூழ்த் தாளில், பத்து நாள் இருந்தால் போதும் என்று. அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும், வெளிச்சமும் காற்றும் படப் பட, தாளைத் தின்னும், பழுப்பேறி, கடைசியில் புரட்டினால் முறுக்கு மாதிரி உடையும். இதை நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம், அவ்வளவே. அமிலம் நீக்கிய அட்டையைப் பின்னால் வைத்து, மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் போட்டு, செங்குத்தாக, பெட்டியில் நெருக்கியும் இல்லாமல் தளர்ந்து வளையவும் இல்லாமல், குளிர்ச்சியான, உலர்ந்த, இருட்டான இடத்தில் வைப்பதுதான் வழி. சாதாரணப் பிளாஸ்டிக் உறையைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் அழைக்காமலே வரும். கிழிசலுக்கு செலோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், பசை ஊறி மஞ்சளாகி, டேப் உதிர்ந்த பிறகும் கறை உதிராது.

நல்ல இடம் என்றால் என்ன என்பதற்கு டென்வரில் ஒரு சாட்சி இருக்கிறது. எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர் பல வருஷங்களாகக் காமிக்ஸ் வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்தார். 1977இல் அதை வாங்கிய காமிக்ஸ் வியாபாரி சக் ரோசான்ஸ்கி அங்கே கண்டது 18,000க்கும் மேலான இதழ்கள், பல நேற்று அச்சான மாதிரி. உறையும் கிடையாது, ஸ்லாபும் கிடையாது. கொலராடோவின் வறண்ட காற்று, உயரமாக அடுக்கியதன் அழுத்தம், யாரும் எடுத்துப் புரட்டாதது, இவைதான் காத்தன. 'மைல் ஹை' என்று பெயர் பெற்ற அந்தத் தொகுப்பின் பிரதி என்று தெரிந்தாலே இன்றைக்கு விலை கூடுகிறது. அதனால் அந்தப் பெயரைச் சும்மா ஒட்டி விற்பவர்களும் கிளம்பினார்கள், இனிமேல் ஆதாரம் கேட்காமல் வாங்காதீர்கள்.

திருட்டும் உண்டு. நடிகர் நிக்கோலஸ் கேஜின் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2000இல் அவர் வீட்டிலிருந்து காணாமல் போய், 2011இல் ஒரு வாடகைச் சேமிப்பறையில் கிடைத்து, அதே வருஷம் 21 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அவ்வளவு பேர்பெற்ற இதழைத் திருடியவர் வெளிப்படையாக விற்பது கஷ்டம். நடுத்தர விலை இதழ்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, எந்தப் பிரதி யாருடையது என்று காட்ட ஒரே வழி நீங்கள் எடுத்து வைத்திருக்கும் படங்கள்தான். வீட்டுக் காப்பீட்டில் இவை அடங்குமா என்று கேட்டும் பாருங்கள், பெரும்பாலும் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

விற்கப் போகும்போதுதான் கையேட்டு விலை என்பது கனவு விலை என்று புரியும். கடைக்காரர் அதில் பாதி கொடுத்தால் நியாயமானவர், அவருக்கும் கடை வாடகை இருக்கிறது, எப்போது போகும் என்று தெரியாமல் வைத்திருக்கவும் வேண்டும். ஏலத்தில் கட்டணம் போகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆயிரம் இதழ் வைத்திருப்பவரிடம் உண்மையில் கேட்டு வரும் ஆள் இருப்பது இருபதோ முப்பதோ இதழுக்குத்தான். அந்த முப்பதை மட்டும் பொறுக்கி விற்றுவிட்டால் மீதியை இலவசமாகக்கூட எடுத்துப் போக ஆள் வராது, பெட்டியோடு கொடுத்தால் விலை அடிமட்டத்துக்கு இறங்கும், இரண்டில் எது நஷ்டம் குறைவு என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான்.

இந்த வில்லங்கம் எதுவும் அண்டாத ஒரு வகை உண்டு. அட்டை கிழிந்தது, பின் துருப்பிடித்தது, யாரோ பெயர் எழுதியது, விற்பவர்கள் படிக்கும் பிரதி என்று ஒதுக்கிப் பெட்டியில் போடுவது. யாரும் போலி அடிக்க மாட்டார்கள், மார்க்கர் தடவ மாட்டார்கள். என் பெட்டியில் இப்போது பாதிக்கு மேல் அவைதான். அந்த ஜன்னல் வைத்த இதழும் அதில்தான் நிற்கிறது, உறை இல்லாமல்.